பாரம் ஏற்றும் டபுள் கெப்புக்கு எந்த ஷொக் போடுவது?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கிராண்ட்பாஸில் ஹார்ட்வெயர் கடை வைத்திருக்கும் ஒரு தம்பியிடம் 2012 ஹைலக்ஸ் விகோ டபுள் கெப் (இரண்டு வரிசை இருக்கையுள்ள பிக்கப்) இருக்கிறது. கிழமை நாட்களில் வத்தளை, ஜா-எல பக்கம் சீமெந்தும் டைல்ஸும் போகும், மாதத்தில் ஓரிரு தடவை தண்ணீர்ப் பம்பு, குழாய், கம்பி என்று ஏற்றிக்கொண்டு ஹட்டனுக்கு. பாரம் ஏற்றினால் பின்பக்கம் உட்கார்ந்துவிடுகிறது, பள்ளத்தில் விழுந்தால் 'டங்' என்று அடிக்கிறது, வெறும் வண்டியாக ஓடும்போது துள்ளுகிறது, வளைவில் முன்பக்கம் மிதக்கிற மாதிரி இருக்கிறது. கராஜ் பாஸ் "ஹெவி டியூட்டி ஷொக் நாலும் போட்டால் வண்டியைத் தூக்கிக் கொடுக்கும்" என்கிறார். கூட்டாளி ஒருவர் அமெரிக்க வீடியோக்களைப் பார்த்துவிட்டு, பில்ஸ்டைன் 5100 ஷொக் போட்டு இரண்டு இஞ்சி உயர்த்தச் சொல்கிறார். எந்த பிராண்ட் நல்லது என்பதுதான் தம்பியின் கேள்வி.

பிராண்டைப் பிறகு பார்ப்போம். என் பதில்: ஷொக்கை மாற்றத்தான் வேண்டும், ஆனால் அது கடைசி வேலை. முதல் வேலை பின் ஸ்பிரிங், அதற்கடுத்து இணைப்புகளில் இருக்கும் ரப்பர் வளையங்களான புஷ்கள். இரண்டு இஞ்சி உயர்த்துவது உங்கள் ஓட்டத்துக்குத் தேவையே இல்லை. காலில் முள் இருக்கச் செருப்பை மாற்றுகிற மாதிரி, ஸ்பிரிங் செத்த வண்டிக்கு விலை கூடிய ஷொக் வாங்கிப் பூட்டியவர்கள் வாகனச் சாமான் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தினமும் வந்து நின்று "சாமான் சரியில்லை" என்று சண்டை பிடிக்கிறார்கள். பாவம், சாமானில் பெரும்பாலும் பிழை இருக்காது.

ஷொக் அப்சோர்பர் பாரத்தைத் தாங்கும் பொருள் இல்லை. உள்ளே ஒயில், ஒயிலுக்குள் ஒரு பிஸ்டன், பிஸ்டனில் சிறு துவாரங்கள், அந்தத் துவாரங்களை மூடித் திறக்கும் மெல்லிய தகடுகள், அவ்வளவுதான். பிஸ்டன் வேகமாக அசைந்தால் ஒயில் அந்த ஓட்டைகளுக்குள்ளால் நெருக்கிக்கொண்டு போக வேண்டும், அந்த நெருக்கடிதான் ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குகிறது, அடக்கிய ஆட்டம் சூடாக மாறி வெளியே போகிறது. அசைவு இருந்தால்தான் எதிர்ப்பு. கடை வாசலில் 15 பேக் சீமெந்தோடு நிற்கும் வண்டியில் ஷொக்குக்கு ஒரு வேலையும் இல்லை, அந்த நேரம் பாரம் முழுவதும் பிளேட் ஸ்பிரிங்கின், அதாவது பின்னால் அடுக்கடுக்காக இருக்கும் உருக்குப் பட்டைகளின் மேல். "காஸ் ஷொக் என்றால் தூக்குமே" என்று கேட்பீர்கள். உள்ளே அடைத்திருக்கும் காஸ் கம்பியை வெளியே தள்ளுவது உண்மை, ஆனால் அழுத்தம் கூடிய மோனோடியூப் (ஒற்றைக் குழாய்) ஷொக்கில்கூட அந்தத் தள்ளல் ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய முப்பது நாற்பது கிலோதான். உங்கள் 750 கிலோ சீமெந்துக்கு அது எந்த மூலைக்கு?

ஆகவே பின்பக்கம் உட்காருவது ஸ்பிரிங்கின் குறை, இல்லாவிட்டால் பாரம் கூடிவிட்டது. துள்ளுவதும் மிதப்பதும் ஷொக்கின் குறை. அடிப்பது இரண்டும் சேர்ந்தது: ஸ்பிரிங் தாழ்ந்துபோய் அச்சுக்கும் பம்ப் ஸ்டொப்பருக்கும் (அச்சு மேலே வந்து மோதாமல் தடுக்கும் ரப்பர்) இடையில் இடைவெளி இல்லை, இறங்குகிற வேகத்தைப் பிடிக்க ஷொக்கிலும் உயிர் இல்லை.

இதை ஊகத்தில் விடாமல் அளந்து பாருங்கள். சமதரையில் வண்டியை வெறுமையாக நிறுத்தி, ஒவ்வொரு சில்லிலும் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்ட் விளிம்பு வரை டேப் பிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயரில் காற்று கூடக் குறைய இருப்பதும் கணக்கில் சேர்ந்துவிடும், அதனால்தான் சில்லின் நடுவிலிருந்து. பிறகு வழக்கமாக ஏற்றும் பாரத்தை ஏற்றி அதே நாலு இடமும் திரும்ப அளக்க வேண்டும். வெறும் வண்டியாக நிற்கும்போதே பின்பக்கம் இடமும் வலமும் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வித்தியாசம் என்றால் ஒரு பக்க ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது அல்லது ஒரு பிளேட் உடைந்திருக்கிறது. குனிந்து ஸ்பிரிங்கையே பாருங்கள்: வெறும் வண்டியில் பிளேட்டுகளின் இரண்டு நுனியும் மேலே தூக்கி, வளைவு கண்ணுக்குத் தெரிய வேண்டும். வெறுமையிலேயே அது நேர்க்கோடாகக் கிடந்தால் கதை முடிந்தது. நடுவில் ஸ்பிரிங்கை அச்சோடு கட்டும் யூ போல்ட் பிடிக்கும் இடத்துக்குப் பக்கத்திலும், கண் வளையத்துக்குக் கிட்டவும் துருப்பிடித்த மெல்லிய கீறல் ஏதும் ஓடுகிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள், பிளேட் உடைவது பெரும்பாலும் அங்கேதான்.

வெறும் வண்டியில் பின்பக்கம் முன்பக்கத்தைவிடக் கொஞ்சம் உயர்ந்து நிற்பது குறையில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கெப்பை அப்படித்தான் செய்கிறார்கள், பாரம் ஏறியதும் சமமாக வர வேண்டும் என்பதற்காக. பார்வைக்கு அழகாக இல்லை என்று முன்பக்கத்தைத் தூக்கிச் சமன் செய்தவர்கள் பாரம் ஏற்றினால் மூக்கு வானத்தைப் பார்க்கும், இரவில் எதிரே வருபவர் கண்ணில் லைட் அடிக்கும், முன்சில்லில் எடை குறைந்து ஸ்டீரிங் மிதக்கும். நீங்கள் சொன்ன அந்த மிதப்பில் ஒரு பங்கு இதே காரணத்தால்தான், பின்பக்கம் தாழ்ந்தால் முன்பக்கம் தானாக எழும்புகிறது. பின் ஸ்பிரிங்கைச் சரி செய்தாலே முன்பக்கத்தில் பாதி மாற்றம் தெரியும்.

ஷொக் செத்ததா இல்லையா என்று பார்க்க, மூலையை அமுக்கி விட்டு எத்தனை தரம் ஆடுகிறது என்று எண்ணும் பழைய முறை காருக்குச் சரி. கெப்பின் பின் ஸ்பிரிங் கல்லு மாதிரி, ஒரு ஆள் தொங்கினாலும் அசையாது. எனக்குப் பிடித்த வழி வேறு. கரடுமுரடான றோட்டில் ஒரு இருபது நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்தி, நாலு ஷொக்கின் உடம்பையும் தொட்டுப் பாருங்கள், எக்ஸோஸ்ட் குழாயில் கை படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை செய்த ஷொக் இளஞ்சூடாக இருக்கும். அதே அச்சில் மற்றது சூடாக இருக்க ஒன்று மட்டும் குளிர்ந்து கிடந்தால் அது சும்மா தொங்கிக்கொண்டு வருகிறது. கம்பியைச் சுற்றி மெல்லிய ஈரப்படலம் இருந்தால் பயப்பட வேண்டாம், சீல் கொஞ்சம் கசியத்தான் செய்யும். ஒயில் வழிந்து கீழ் புஷ் வரை தூசியோடு ஊறியிருந்தால் மாற்றத்தான் வேண்டும். டயரின் மேற்பரப்பில் உள்ளங்கையை வைத்துத் தடவினால் மேடும் பள்ளமுமாகக் கிண்ணம் கிண்ணமாகத் தேய்ந்திருப்பது தெரிகிறதா? அதற்கும் பெரும்பாலும் ஷொக்தான் காரணம், சில்லு றோட்டில் ஒட்டாமல் குதித்துக் குதித்து ஓடியிருக்கிறது.

இனி பாரக் கணக்கு. இதை யாரும் விரும்பிக் கேட்பதில்லை. சீமெந்து பேக் ஒன்று 50 கிலோ. 15 பேக் 750 கிலோ. உள்ளே நாலு பேர், சராசரி 70 கிலோ என்றால் 280. மொத்தம் 1,030 கிலோ, இதில் டூல்ஸ் பெட்டியும் பின்னால் நீங்கள் பூட்டிய இரும்பு பம்பரும் ரோல் பாரும் சேரவில்லை. வண்டி தாங்கக்கூடிய மொத்த எடையிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் வருவதுதான் உங்கள் அளவு, இரண்டும் பதிவுப் புத்தகத்தில் இருக்கும். டபுள் கெப் ஒன்றுக்கு அது பொதுவாக ஒரு டன்னை ஒட்டி, சிலவற்றில் அதற்கும் குறைவு. "ஒரு டன் வண்டி" என்ற பேச்சில் ஆட்களின் எடையும் சேர்ந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரும்புக் கடை யார்டுகளில் லொறி நிறுக்கும் வே பிரிட்ஜ் இருக்கும், கொஞ்சம் காசு கொடுத்து ஒரு தடவை பாரத்தோடு ஏற்றி நிறுத்துப் பாருங்கள். ஊகித்ததற்கும் மெஷின் காட்டுவதற்கும் இடையிலான வித்தியாசத்தைப் பார்த்தபின் பலர் ஸ்பிரிங் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டு இரண்டு ஓட்டமாக ஓடத் தொடங்குகிறார்கள்.

ஸ்பிரிங்கைப் பலப்படுத்தினால் வண்டி தாங்கும் எடை கூடிவிடாது. பிரேக் அதேதான், அச்சு அதேதான், சில்லு பெயாரிங் அதேதான், செஸி (வண்டியின் அடிச்சட்டம்) அதேதான். டயரும் கூட. டயரின் பக்கத்தில் அளவுக்குப் பிறகு வரும் எண் பாரக் குறியீடு: 100 என்றால் ஒரு டயருக்கு 800 கிலோ, 112 என்றால் 1,120 கிலோ. மலிவாகக் கிடைத்தது என்று ஜீப் வகைக்கான மென்மையான டயரைப் போட்டிருந்தால் எந்த ஸ்பிரிங்கும் உங்களைக் காப்பாற்றாது, ஹட்டனிலிருந்து இறங்கும்போது கினிகத்தேனை வளைவுகளில் அது தெரிய வரும்.

சரி, பாரம் அளவுக்குள்தான் இருக்கிறது, ஆனாலும் உட்காருகிறது என்றால் பின் ஸ்பிரிங் மாற்றும் கட்டத்துக்கு வந்துவிட்டீர்கள். நம் ஊரில் இதற்கு மூன்று வைத்தியம் நடக்கிறது. முதலாவது, பழைய பிளேட்டுகளைக் கழட்டி அடித்து வளைத்துத் தருவது. குளிர்ந்த நிலையில் சுத்தியலால் அடித்து வளைத்த பிளேட் சில மாதங்களில் பழையபடி படுத்துவிடும். காஸ் விளக்கால் பழுக்கக் காய்ச்சி வளைத்தால் இன்னும் மோசம், அந்த உருக்குக்குத் தொழிற்சாலையில் கொடுத்த பதம் போய்விடுகிறது, ஒன்றில் மெதுவாகப் படுக்கும், இல்லாவிட்டால் திடீரென்று முறியும். இது வேண்டாம்.

இரண்டாவது, ஒரு பிளேட் கூட்டுவது. இது முழுக்கப் பிழையான வேலை என்று சொல்ல மாட்டேன், நாள் முழுக்கப் பாரத்தோடேயே ஓடும் சிங்கிள் கெப்புக்கு நியாயமான தீர்வு. ஆனால் வேறு வண்டியின் பிளேட்டை வெட்டிச் சொருகினால் வளைவு ஒத்துப்போகாது, மற்றப் பிளேட்டுகளோடு சீராகப் படியாமல் நடுவில் மட்டும் அழுத்தும், பிறகு சென்டர் போல்ட் முறியும் அல்லது மெயின் பிளேட் வெடிக்கும். அதோடு வெறும் வண்டி ஓட்டம் சகிக்க முடியாமல் போகும். உங்களுக்குக் காலையில் போகும்போது பாரம், திரும்பி வரும்போது வெறுமை. பாதி ஓட்டம் வெறுமையில் இருக்கிறவருக்கு இது ஒத்துவராது. மழையில் பேஸ்லைன் வீதியில் பிரேக் அடிக்கும்போது வெறுமையான பின்பக்கம் குதித்தால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, முழு செட்டாகப் புது ஸ்பிரிங் வாங்குவது. நான் சொல்வது இதைத்தான். வாங்கும்போது "ஹெவி டியூட்டி" என்று மட்டும் கேட்காதீர்கள், எத்தனை கிலோ நிரந்தரப் பாரத்துக்கு என்று கேளுங்கள். அவுஸ்திரேலியத் தயாரிப்பாளர்கள், ஏஆர்பியின் ஓல்ட் மேன் ஈமு, அயன்மேன், டஃப் டோக் போன்றவர்கள், ஒரே வண்டிக்குப் பல தரத்தில் ஸ்பிரிங் செய்கிறார்கள்: வெறுமைக்கு ஒன்று, இடைப்பட்ட பாரத்துக்கு ஒன்று, எப்போதும் முன்னூறு நானூறு கிலோ மேலேயே இருக்கும் வண்டிக்கு ஒன்று. எப்போதும் என்பதுதான் முக்கியம். பின்னால் நிரந்தரமாகக் கூரைக்கூடும் டூல்ஸும் பூட்டிக் கிடக்கும் வண்டிக்கான ஸ்பிரிங்கை நீங்கள் போட்டால் திரும்பி வரும் பாதி வழியும் முதுகு நோகும். உங்களுக்கு இடைப்பட்ட தரம் போதும், அதன் அடியில் பாரம் கூடும்போது மட்டும் தொடும் தடித்த ஓவர்லோட் பிளேட் இருப்பதாகப் பாருங்கள். வெறுமையில் மேல் பிளேட்டுகள் மட்டும் வேலை செய்யும், சீமெந்து ஏறியதும் அடிப் பிளேட்டும் கூடச் சேர்ந்துகொள்ளும். காசு இடிக்கிறது என்றால் கொம்பனி ஒரிஜினல் ஸ்பிரிங்கே புதிதாகப் போட்டாலும் நிலைமை நிறைய மாறும், 2012இல் வந்த ஸ்பிரிங்குக்கும் புதியதற்கும் உயரத்திலேயே வித்தியாசம் தெரியும்.

ஏர் பேக் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஸ்பிரிங்குக்கும் செஸிக்கும் இடையில் வைத்துக் காற்றடிக்கும் ரப்பர் பை. வெறுமையில் காற்றை இறக்கலாம், பாரத்தில் ஏற்றலாம், கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பிளேட் ஸ்பிரிங் தன் பாரத்தைச் செஸியில் இரண்டு இடத்தில் பகிர்ந்து கொடுக்கிறது, ஏர் பேக் இரண்டுக்கும் நடுவில் ஒரே இடத்தில் தள்ளுகிறது. டபுள் கெப்பில் பெட்டியின் பெரும்பகுதி பின் அச்சுக்குப் பின்னால்தான் நீட்டிக்கொண்டிருக்கிறது, அங்கே பாரத்தைக் குவித்து, ஏர் பேக்கைக் கல்லாக அடித்து, பள்ளத்தில் விழுத்தினால் செஸி அந்த இடத்தில் மடியும். அவுஸ்திரேலியாவில் இப்படி நடுவில் வளைந்த டபுள் கெப்புகளின் படங்கள் எத்தனையோ கிடைக்கும். எப்போதாவது ஒரு ட்ரெய்லர் இழுக்கிறவர், அளவான காற்றோடு வைத்துக்கொள்ளலாம். தாழ்ந்த ஸ்பிரிங்கை மறைக்க ஏர் பேக் போடுவது வேண்டாம்.

புஷ் விசயம் சின்னது, ஆனால் கராஜில் இதைத்தான் தவிர்த்துவிடுவார்கள். ஸ்பிரிங் கழட்டியாயிற்று என்றால் கண் புஷ், ஷெக்கிள் (ஸ்பிரிங் முனையைச் செஸியோடு தொடுக்கும் அசையும் துண்டு) புஷ் எல்லாம் புதிதாகப் போடுங்கள். யூரிதேன் புஷ் நீண்ட காலம் உழைக்கும், ஆனால் கிரீஸ் காய்ந்தால் கீச்சுக் கீச்சென்று சத்தம் வரும். நல்ல ரப்பர் கிடைத்தால் அதுவே போதும். சென்டர் போல்ட்டும் யூ போல்ட்டும் கட்டாயம் புதிது. யூ போல்ட் ஒரு தடவை இறுக்கும்போதே நீண்டுவிடும், அதைத் திரும்ப இறுக்கினால் பிடிக்கிற மாதிரி இருக்கும், ஆனால் பிடி நிற்காது. பிளேட்டில் பழைய எஞ்சின் ஒயிலைப் பூசும் வழக்கமும் நம்மிடம் இருக்கிறது, சத்தம் நிற்கும்தான், ஆனால் அந்த ஒயில் ஒழுகி ரப்பர் புஷ்ஷை ஊதிப்போகச் செய்யும், தூசியையும் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இப்போது ஷொக். இரண்டு குடும்பம் இருக்கிறது. ட்வின் டியூப்: ஒரு குழாய்க்குள் இன்னொரு குழாய், உள்குழாயில் பிஸ்டன், வெளிக்குழாய் ஒயிலின் சேமிப்பு, மேலே குறைந்த அழுத்தத்தில் காஸ். பெரும்பாலான கெப்புகளோடு வருவது இது. மோனோடியூப்: ஒரே குழாய், ஒயிலுக்கும் உயர் அழுத்த நைட்ரஜனுக்கும் இடையில் மிதக்கும் ஒரு தடுப்பு. 1950களில் பிரான்சின் பூர்சியே த கார்பன் என்ற பொறியியலாளர் உருவாக்கியதை ஜெர்மனியின் பில்ஸ்டைன் பெரிய அளவில் செய்து பெயர் வாங்கியது. ட்வின் டியூபில் நீண்ட நேரம் கல்லு றோட்டில் அடிபட்டால் ஒயில் சூடாகி நுரைத்து, பிஸ்டன் நுரைக்குள் அசையத் தொடங்கும், அப்போது ஷொக் இருந்தும் இல்லாத மாதிரி. மோனோடியூபில் அழுத்தம் அந்த நுரையைத் தடுக்கிறது, ஒரே குழாய் என்பதால் சூடும் நேராக வெளியே போகிறது, பிஸ்டனும் பெரியது, பில்ஸ்டைனில் 46 மில்லிமீற்றர். கேட்கும்போது மோனோடியூப்தான் மேல் என்று தோன்றும். ஆனால் அதன் வெளிச்சுவரே பிஸ்டன் ஓடும் சுவர். எஸ்டேட் றோட்டில் ஒரு கல்லு தெறித்து உடம்பு நெளிந்தால் அன்றோடு அது முடிந்தது. ட்வின் டியூபில் வெளிக்குழாய் நெளிந்தாலும் உள்ளே பிஸ்டன் பாட்டுக்கு ஓடும்.

இடையில் ஃபோம் செல் என்று ஒரு வகை, ட்வின் டியூப்தான், ஆனால் காஸுக்குப் பதில் சேமிப்பு அறையில் நுண்ணறைகள் கொண்ட ஒரு ஃபோம். ஒயிலோடு காஸ் கலக்க வழியில்லை என்பதால் நுரைக்காது. உடம்பு தடித்தது, ஒயில் கூடப் பிடிக்கும், பாரத்தோடு மெதுவாகக் கரடு றோட்டில் ஓடும் வண்டிகளுக்கென்றே செய்தது. உங்கள் ஓட்டத்துக்கு என் முதல் தெரிவு இந்த வகைதான், நீங்கள் தேர்ந்தெடுக்கும் ஸ்பிரிங்கோடு ஒரே தயாரிப்பாளரின் செட்டாக.

ஏன் ஒரே செட் என்றால், ஸ்பிரிங்குக்கு ஏற்ற ஷொக் வேண்டும். அமுங்கிய ஸ்பிரிங் திரும்பி எழும்புவதை அடக்குவதுதான் ஷொக்கின் பெரிய வேலை, ரீபவுண்ட் என்பார்கள். ஸ்பிரிங் பலமானால் திருப்பி உதைப்பதும் பலமாகும், பழைய ஷொக்கால் அதைப் பிடிக்க முடியாது, வெறுமையில் குதிக்கும். எதிர்ப்பக்கம், தளர்ந்த ஸ்பிரிங்கில் முரட்டு ஷொக்கைப் போட்டால், அடுத்தடுத்து பள்ளம் வரும்போது ஸ்பிரிங் எழும்ப நேரம் கிடைக்காமல், ஒவ்வொரு பள்ளத்துக்கும் இன்னும் கொஞ்சம் கீழே இறங்கி, நாலாவது பள்ளத்தில் பம்ப் ஸ்டொப்பரில் அடிக்கும். கராஜ் பாஸ் சொன்னபடி இப்போதைய ஸ்பிரிங்கில் ஹெவி டியூட்டி ஷொக் போட்டால் உங்களுக்கு நடக்கப்போவது இதுதான்.

காசு அவ்வளவு இல்லை, வெறும் கொம்பனி ஸ்பிரிங்தான் போடப்போகிறேன் என்றால் காயாபா எக்ஸெல்-ஜி தாராளமாகப் போதும். காயாபா ஜப்பானில் பல வண்டிகளுக்குத் தொழிற்சாலையிலேயே ஷொக் கொடுக்கும் நிறுவனம், எக்ஸெல்-ஜி என்பது ட்வின் டியூப், தொழிற்சாலைத் தரத்தை ஒட்டியது. அதே கொம்பனியின் காஸ்-அ-ஜஸ்ட் மோனோடியூப், இன்னும் இறுக்கமானது. ரான்சோ 9000 வரிசையில் ஒரு குமிழைத் திருகி ஒன்பது நிலை மாற்றலாம், பாரம் ஏற்றும்போது இறுக்கி வெறுமையில் தளர்த்தலாம் என்பது உங்களுக்குக் கவர்ச்சியாக இருக்கும். ஒவ்வொரு தடவையும் வண்டிக்குக் கீழே குனிந்து திருகப்போகிறீர்களா என்பதை நீங்களே யோசியுங்கள், முதல் மாதத்துக்குப் பிறகு அதைத் தொடுகிறவர்கள் குறைவு.

உங்கள் கூட்டாளி பார்த்த வீடியோக்களுக்கு வருவோம். அங்கே ஹெவி டியூட்டி பிக்கப் என்றால் ஃபோர்ட் எஃப்-250, ராம் 2500, ஷெவர்லே சில்வராடோ 2500 எச்டி போன்றவை, பாரத்தோடு மொத்த எடை 4,500 கிலோவை ஒட்டி வரும் வண்டிகள். எஃப்-250 ஃபோர் வீலில் முன்பக்கமும் முழு அச்சு. ராம் 2500 பின்பக்கத்தில் 2014 முதல் பிளேட்டே இல்லை, கொயில் ஸ்பிரிங். சில்வராடோ எச்டியின் முன்பக்கம் டோர்ஷன் பார், அதாவது முறுக்கில் பாரம் தாங்கும் கம்பி, ஒரு போல்ட்டைத் திருகியே உயர்த்திவிடலாம். விகோவில் முன்பக்கம் இரட்டை விஷ்போன் (சில்லை மேலும் கீழும் இரண்டு ஆர்ம் பிடிக்கும்), கொயிலும் ஷொக்கும் ஒன்றாகப் பூட்டியது. 5100 நல்ல ஷொக், மறுக்கவில்லை, ஆனால் அந்த வண்டிக்காரர் அதைப் போட்டது பெரிய டயருக்கு இடம் எடுக்கவும் ட்ரெய்லர் இழுக்கவும். நீங்கள் கொட்டாஞ்சேனை ஒழுங்கைக்குள் டைல்ஸ் இறக்குகிறீர்கள்.

விகோவில் முன்பக்கத்தை இரண்டு இஞ்சி தூக்கினால் முன் சில்லைச் சுழற்றும் தண்டின் மூட்டான சீவீ ஜொயின்ட்டின் கோணம் கூடும், அதன் ரப்பர் உறையான பூட் சீக்கிரம் கிழியும், போல் ஜொயின்ட் எல்லைக்குக் கிட்டப் போகும், சில்லின் சாய்வுக் கோணங்களான கேம்பர், காஸ்டர் இரண்டும் குழம்பும், சில வேளை மேல் ஆர்மையே மாற்றினால்தான் அலைன்மென்ட் சரிவரும். மேலே ஸ்பேசர் வைத்து மலிவாகத் தூக்குவது இன்னும் மோசம், ஷொக்கின் நீளம் அப்படியே இருக்க வண்டி மட்டும் உயர்கிறது. பாரம் ஏற்றும் வண்டிக்கு உயரம் கூடக் கூட வளைவில் சாய்வும் கூடும். எஸ்டேட்டுக்குள் அடிவயிறு தட்டுகிறது என்றால் கேளுங்கள், யோசிப்போம். ஏ7 வீதியில் ஹட்டன் டவுன் வரை போய்வர உயர்த்தத் தேவையில்லை.

பஞ்சிகாவத்தையில் வாங்குவது பற்றி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று 2025இல்தான் திரும்பத் திறந்தது, இடையில் 2022இல் ரூபாய் விழுந்தது. எல்லோரும் பழைய வண்டியையே பிடித்துக்கொண்டிருந்ததால் சாமானுக்குக் கிராக்கி கூடியது, அதோடு போலியும் கூடியது. ஜப்பான் யூஸ்ட் ஷொக் வாங்கவே வேண்டாம். எஞ்சின், கியர்பொக்ஸ் யூஸ்ட் வாங்கலாம், ஷொக் தேய்ந்துபோகும் பொருள், அங்கே கழட்டினதே தேய்ந்ததால்தானோ யாருக்குத் தெரியும், மேலே கறுப்புப் பெயின்ட் அடித்தால் எல்லாம் புதிதாகத்தான் தெரியும். புதியதை வாங்கும்போது பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பெட்டியிலுள்ள பாகம் எண்ணும் உடம்பிலுள்ள எண்ணும் ஒன்றா, ஒட்டிய ஸ்டிக்கர் மட்டும்தானா, வெல்டிங் ஒழுங்காக ஓடியிருக்கிறதா, குரோம் கம்பியில் நகத்தால் தடவினால் எங்காவது தட்டுகிறதா என்று பாருங்கள். கம்பியை முழுக்க அமுக்கி விட்டால் காஸ் ஷொக் தானாக மெதுவாக, இடையில் நிற்காமல், ஒரே சீராக எழும்ப வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்து அமுக்கிப் பாருங்கள், ஜோடி ஒத்துப்போக வேண்டும். இதற்கு முகம் சுளிக்கும் முதலாளியிடம் வாங்காதீர்கள். பில்லில் பாகம் எண்ணை எழுதி வாங்குங்கள், மாற்றித் தருவார்களா என்பதையும் அதிலேயே எழுதச் சொல்லுங்கள்.

ஒரு அச்சில் ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். நாலுக்கும் காசு இல்லையென்றால் இந்த மாதம் பின்னால் இரண்டு, அடுத்து முன்னால் இரண்டு. முன்பக்கம் மாற்றும்போது கொயில் ஸ்பிரிங்கை அமுக்கிக் கழட்ட வேண்டும், சரியான கம்பிரசர் இல்லாமல் கயிறு கட்டி இழுக்கிற கராஜ் என்றால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். அது தெறித்தால் ஆள் தப்பாது. மேல் மவுண்டிங் ரப்பரையும் அப்போதே மாற்றினால் இரண்டாவது தடவை கூலி கொடுக்கத் தேவையில்லை.

பூட்டும்போது பக்கத்தில் நின்று இரண்டு விசயம் பாருங்கள். ட்வின் டியூப் ஷொக்கைப் பூட்டுமுன் நிமிர்த்திப் பிடித்து நாலைந்து தடவை முழுக்க இழுத்து அமுக்க வேண்டும், கடையில் படுக்க வைத்திருந்ததால் உள்ளே போன காற்று வெளியேறும். இல்லாவிட்டால் முதல் சில நாட்கள் 'டொக் டொக்' என்று சத்தம் வரும், நீங்கள் சாமான் பிழை என்று ஓடுவீர்கள். அடுத்தது, இதை நம் ஊரில் பாதிப் பேர் செய்வதில்லை: வண்டி ஜெக்கில் தொங்கிக்கொண்டிருக்கும்போது ஸ்பிரிங் கண் போல்ட், ஷெக்கிள் போல்ட், ஷொக் கீழ் போல்ட் எதையும் கடைசி இறுக்கு இறுக்கக் கூடாது. ரப்பர் புஷ் அந்தத் தொங்கிய நிலையிலேயே பிடிபட்டுவிடும், வண்டி இறங்கியதும் முறுக்கிக்கொண்டு நிற்கும், சில மாதத்தில் கிழிந்துவிடும். கையால் பூட்டி, வண்டியைச் சில்லில் இறக்கி, கொஞ்சம் முன்பின் உருட்டிவிட்டு, அதன் பிறகுதான் இறுக்கத்தை அளந்து பூட்டும் டோர்க் ரென்ச் போட வேண்டும். இம்பாக்ட் கன்னால் 'டர்ர்' என்று முடித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போகிற பாஸிடம் இதைச் சொன்னால் கொஞ்சம் கோபம் வரும், தேத்தண்ணி வாங்கிக் கொடுத்துச் சமாளியுங்கள்.

முடிந்ததும் நாலு வீல் அலைன்மென்ட், பிறகு ஹெட்லைட் உயரம். யூ போல்ட்டுகளை ஓரிரு பாரம் ஓடியபின் திரும்ப டோர்க் பார்க்க வேண்டும், பிளேட்டுகள் படிந்து கொஞ்சம் தளர்ந்திருக்கும். டயர்க் காற்றைப் பெற்றோல் செட் பொடியன் அடிக்கிற அளவுக்கு விடாமல் கதவுச் சட்டத்திலுள்ள ஸ்டிக்கரில் பாரத்துக்கும் வெறுமைக்கும் தனித்தனியாகப் போட்டிருப்பதைப் பாருங்கள். வெறும் வண்டியில் டயரைக் கல்லாக அடித்து வைத்துக்கொண்டு ஷொக் முரடாக இருக்கிறது என்று சொல்கிறவர்கள் நிறைய. கடற்கரைப் பக்கம் வீடு என்றால் மாதத்தில் ஒரு தடவையாவது வண்டியின் அடியில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுங்கள், உப்புக்காற்றில் ஷொக் கம்பி புள்ளி புள்ளியாகத் துருப்பிடித்தால் அந்தப் புள்ளிதான் சீலை அறுக்கும்.

வே பிரிட்ஜ் சீட்டையும், நாலு சில்லிலும் வெறுமையிலும் பாரத்திலும் எடுத்த எட்டு அளவுகளையும், பின் ஸ்பிரிங்கைப் பக்கவாட்டில் எடுத்த ஒரு படத்தையும் போடுங்கள். எந்தத் தர ஸ்பிரிங் என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன், அதுவரை ஷொக்குக்கு அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள்.